மனச்சான்றின் மன்றம்: ஆங்கிலப் பொதுச் சட்ட மரபில் ஒப்புரவு நெறி

திருக்கோயிலின் நிலமும் நகையும் உண்டியல் காணிக்கையும் எவருடைய பெயரில் பதிவாகியிருப்பினும், அவை அப்பெயருக்கு உரியவரின் சொந்த உடைமை ஆகா என்பதைப் பாமரரும் அறிவர். பெயர் ஒருவருடையது, உரிமை வேறொன்றினுடையது. மக்கள் மனத்தில் இயல்பாகவே வேரூன்றியுள்ள இவ்வுண்மையை நீதிமன்றம் ஏற்றுக்கொள்வதற்கு ஆங்கில நாடு பல தலைமுறைக் காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வுண்மையைக் காத்து நின்ற நெறி ஆங்கிலத்தில் ‘ஈக்குவிட்டி’ என வழங்கப்பெறுகிறது. தமிழில் அதனை ஒப்புரவு நெறி எனலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறர் சொத்தைப் பொறுப்பேற்று நடத்துவோர்க்குச் சட்டம் விதிக்கும் கடமைகள் பெரும்பாலும் இந்நெறியின் வழி வந்தவையே. ஆதலின் இதன் வரலாற்றை அறிந்துகொள்வது திருக்கோயில் அன்பர்களுக்கும் பயன் தருவதாகும்.

பொதுச் சட்டமும் அதன் இறுக்கமும்

கி.பி. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபோது, அந்நாட்டில் ஒவ்வொரு வட்டாரத்திற்கும் ஒவ்வொரு வழக்காறு இருந்து வந்தது. பின்னர் ஆண்ட மன்னர்கள், சிறப்பாக 1154 முதல் 1189 வரை ஆட்சி புரிந்த இரண்டாம் ஹென்றி, அரச நீதிபதிகளை நாடெங்கும் அனுப்பி வழக்குகளை விசாரிக்கச் செய்தனர். அந்நீதிபதிகளின் தீர்ப்புகளால் நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் ஒன்று உருவாயிற்று. பொதுச் சட்டம் என்னும் பெயர் அதனால் ஏற்பட்டதே.

அச்சட்டத்தின் வாயிலுக்குள் நுழைய ஒரு திறவுகோல் தேவைப்பட்டது. ‘ரிட்’ எனப்பெறும் அரச ஆணைப் பத்திரமே அது. ஒவ்வொரு வகை முறையீட்டிற்கும் தனித்தனி ஆணைப் பத்திரம் இருந்தது. தம்முடைய குறைக்குப் பொருத்தமான பத்திரம் இல்லாதவர், எவ்வளவு பெரிய அநீதிக்கு ஆளாகியிருந்தாலும் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதே. புதிய வகைப் பத்திரங்களை அரசவையின் ஒப்புதலின்றி வழங்கலாகாது என 1258ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் செய்யப்பட்ட ஏற்பாடு, இவ்வாயிலை மேலும் குறுக்கியது.

உள்ளே நுழைந்தவர்க்கும் கிடைத்த பரிகாரம் பெரும்பாலும் நட்ட ஈட்டுப் பணம் மட்டுமே. விற்பதாக ஒப்புக்கொண்ட நிலத்தைக் கொடுத்தே தீரவேண்டும் என்றோ, கேடு விளைவிக்கும் செயலைத் தொடங்கு முன்பே நிறுத்த வேண்டும் என்றோ ஆணையிடும் வழக்கம் பொதுச் சட்ட மன்றங்களில் வேரூன்றவில்லை. கடன் முழுவதையும் திருப்பிச் செலுத்தியவர் பழைய கடன் பத்திரத்தைத் திரும்பப் பெறத் தவறினால், அப்பத்திரத்தைக் காட்டி அவரிடமே மறுமுறையும் பணம் பெற முடிந்தது. சட்டம் பத்திரத்தைப் பார்த்ததேயன்றி, பத்திரத்தை நீட்டியவரின் நெஞ்சத்தைப் பார்க்கவில்லை.

அரசரின் மனச்சான்றைக் காப்பவர்

கதவடைக்கப்பட்டவர்கள் அரசரிடமே முறையிட்டனர். நீதியின் ஊற்று அரசரே என்பது அக்கால நம்பிக்கை. முறையீடுகள் பெருகவே, அரசர் அவற்றைத் தம் தலைமை அமைச்சராகிய சான்சலரிடம் ஒப்படைக்கலானார். இடைக்காலத்தில் சான்சலர் பதவியை வகித்தோர் பெரும்பாலும் ஆயர்கள். பாவம், கழுவாய், மனச்சான்று ஆகியவற்றைப் பற்றிச் சிந்தித்துப் பழகியவர்கள். ‘அரசரின் மனச்சான்றைக் காப்பவர்’ என்றே சான்சலர் அழைக்கப்பெற்றார். பதினைந்தாம் நூற்றாண்டில் சான்சரி ஒரு தனி நீதிமன்றமாகவே இயங்கத் தொடங்கியது.

இம்மன்றத்தின் வழிமுறை புதுமையானது. ஆணைப் பத்திரத்தின் வகை பற்றி அது கவலைப்படவில்லை. எதிராளியை நேரில் வரவழைத்து, சத்தியம் செய்வித்து, நடந்ததைச் சொல்லுமாறு கேட்டது. “சட்டப்படி இந்நிலம் உன்னுடையதே. ஆயினும் இதனை வைத்துக்கொள்ள உன் மனச்சான்று இடந்தருகிறதா?” என்பதே அம்மன்றம் எழுப்பிய வினாவின் சாரம். பொதுச் சட்டத்தின் தீர்ப்பை அது அழிக்கவில்லை. அத்தீர்ப்பால் கிடைத்த உரிமையைத் தீய வழியில் பயன்படுத்தலாகாது என்று அம்மனிதருக்கு ஆணையிட்டது. பணியாதவர், பணியும் வரை சிறையில் இருந்தார். ஒப்புரவு நெறி ஆளைப் பிணிக்கும் என்னும் முதுமொழி இவ்வாறு பிறந்தது.

பெயர் ஒருவர்க்கு, பயன் மற்றவர்க்கு

சான்சரி மன்றம் உலகுக்கு அளித்த தலைசிறந்த கொடை ‘டிரஸ்ட்’ எனப்பெறும் நம்பிக்கைப் பொறுப்பு. அதன் தோற்றத்தில் சமயத்திற்கும் பங்குண்டு. 1224இல் இங்கிலாந்து வந்து சேர்ந்த பிரான்சிஸ்கன் துறவியர் சொத்து எதனையும் உடைமையாகக் கொள்வதில்லை என்று நோன்பு பூண்டவர்கள். அவர்களுக்குத் தங்குமிடம் அளிக்க விரும்பிய அன்பர்கள், வீட்டை வேறொருவர் பெயரிலோ நகரத்தின் பெயரிலோ வைத்து, துறவியரின் பயன்பாட்டுக்காக ஒப்படைத்தனர். நெடும்பயணமும் போரும் மேற்கொண்டோர், தம் மனைவி மக்களின் நலனுக்காக நம்பிக்கைக்குரிய நண்பர் பெயருக்கு நிலத்தை மாற்றிச் சென்றதும் உண்டு.

நண்பர் நேர்மையாளராக இருந்தவரை இடர் இல்லை. அவர் நிலத்தைத் தமக்கே உரியதெனக் கூறிவிட்டால் பொதுச் சட்டம் அவர் பக்கமே நின்றது. பெயர் அவருடையதாயிற்றே! விதவையும் பிள்ளைகளும் சான்சலரிடம் ஓடினர். அவரோ, பெயரளவில் உரிமை உள்ளவர் பிறர் பயனுக்காகவே அதனை வைத்திருக்க வேண்டும் என ஆணையிட்டார். ஒரே சொத்தில் சட்ட உரிமை ஒருவரிடமும், ஒப்புரவு வழி உரிமை மற்றொருவரிடமும் இருக்கலாம் என்னும் அரிய கருத்து இவ்வாறு நிலைபெற்றது. வரி வருவாய் குறைவதைக் கண்ட எட்டாம் ஹென்றி மன்னர் 1535ஆம் ஆண்டுக் கூட்டத்தொடரில் தனிச் சட்டம் இயற்றி இம்முறையைத் தடுக்க முயன்றார். ஆயினும் அது வேறு வடிவில் மீண்டும் தழைத்தது.

இரு மன்றங்களின் மோதல்

ஒரே நாட்டில் இருவகை மன்றங்கள் இயங்கினால் உரசல் நேர்வது இயல்பே. 1529 முதல் 1532 வரை சான்சலராக இருந்த சர் தாமஸ் மோர், தம் தடையுத்தரவுகளைக் குறித்து நீதிபதிகள் முணுமுணுப்பதை அறிந்து, அவர்களை விருந்துக்கு அழைத்தார். ஒவ்வோர் உத்தரவுக்கும் உரிய காரணத்தை விளக்கினார். நீதிபதிகள் தாங்களே சட்டத்தின் கடுமையைத் தணித்துக்கொள்வார்களாயின், தாம் இனி உத்தரவு பிறப்பிக்கத் தேவையில்லை என்றும் கூறினார். அவர்கள் அதற்கு இசையவில்லை என மோரின் மருமகன் வில்லியம் ரோப்பர் எழுதி வைத்துள்ளார்.

மோதல் முற்றியது 1615இல். கேம்பிரிட்ஜில் உள்ள மாக்டலின் கல்லூரி, பல ஆண்டுகளுக்கு முன் இலண்டனில் இருந்த தன் நிலத்தைக் கைமாற்றியிருந்தது. அது ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவின் குடும்பத்தை அடைந்து, அதன்மீது ஏறத்தாழ 130 வீடுகள் எழுந்தன. பின்னர், கல்லூரி நிலத்தை அவ்வாறு கைமாற்றியது சட்டப்படி செல்லாது என்று கூறி, கல்லூரித் தரப்பு நிலத்தைத் திரும்பக் கேட்டது. தலைமை நீதிபதி சர் எட்வர்டு கோக்கின் மன்றம் கல்லூரிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. சான்சலர் எல்ஸ்மியர் பிரபு அதனை ஏற்கவில்லை. வீட்டைக் கட்டியவனே அதில் வாழவேண்டும் என்னும் விவிலிய அறத்தை எடுத்துக்காட்டினார். தீர்ப்பில் பிழை உண்டென்று தாம் சொல்ல வரவில்லை என்றும், அதனைப் பெற்றவரின் மனச்சான்றையே திருத்த முற்படுவதாகவும் விளக்கினார்.

இப்பூசல் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் முன் சென்றது. பிரான்சிஸ் பேக்கன் முதலியோரின் கருத்தைக் கேட்ட மன்னர், 1616இல் சான்சரி மன்றத்தின் அதிகாரத்தை உறுதிப்படுத்தினார். சட்டமும் ஒப்புரவும் முரண்படுமிடத்து ஒப்புரவே மேலோங்கும் என்பது அன்றுமுதல் நிலைபெறலாயிற்று.

ரோம்ஃபோர்டு சந்தை வழக்கு

ஒப்புரவு நெறியின் கண்டிப்பு எத்தகையது என்பதை 1726ஆம் ஆண்டு வழக்கொன்று தெளிவாக்கும். இலண்டனுக்கு அருகிலிருந்த ரோம்ஃபோர்டு சந்தையின் வருவாய்க் குத்தகை, வயது வராத ஒரு குழந்தையின் நலனுக்காக ஒரு பொறுப்பாளரிடம் இருந்தது. குத்தகைக் காலம் முடியும் தறுவாயில், குழந்தைக்காக அதனைப் புதுப்பிக்குமாறு பொறுப்பாளர் வேண்டினார். நில உரிமையாளர் மறுத்துவிட்டார். அதன்பின் பொறுப்பாளர் அக்குத்தகையைத் தம் பெயரில் எடுத்துக்கொண்டார்.

அவர் வஞ்சகம் செய்யவில்லை. குழந்தைக்குக் கிடைக்காது என்று உறுதியான பின்பே தமக்காகப் பெற்றார். ஆயினும் சான்சலர் கிங் பிரபு, குத்தகையைக் குழந்தைக்கே மாற்றித் தரவும், பெற்ற இலாபத்திற்குக் கணக்கு ஒப்புவிக்கவும் ஆணையிட்டார். உலகில் எவர் வேண்டுமானாலும் அக்குத்தகையைப் பெறலாம். அப்பொறுப்பாளர் ஒருவர் மட்டும் பெறலாகாது என்பது கொடுமையாகத் தோன்றலாம் என அவரே ஒப்புக்கொண்டார். இருப்பினும் இவ்விதியைச் சற்றே தளர்த்தினாலும், பொறுப்பாளர்கள் பிறர்க்காகப் புதுப்பிக்க முயல்வதைக் கைவிட்டுத் தமக்கென்று வாய்ப்புத் தேடத் தொடங்குவர் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நம்பிக்கைப் பொறுப்பேற்றவர் தம் நலனும் தம் கடமையும் மோதும் இடத்தில் நிற்கவே கூடாது என்பது இத்தீர்ப்பின் பாடம். பொறுப்பிலுள்ள சொத்தைத் தாமே வாங்குவதும், தாமே குத்தகைக்கு எடுப்பதும், உரிய அனுமதியின்றி அதனால் ஊதியம் பெறுவதும் இவ்விதியால் விலக்கப்படுகின்றன. விலை நியாயமானதா என்ற வினாவே அங்கு எழுவதில்லை.

தூய கைகள்

ஒப்புரவின் துணை நாடி வருபவர் தூய கைகளுடன் வரவேண்டும் என்பது மற்றொரு முதுமொழி. 1725இல் வழிப்பறிக் கொள்ளையர் இருவருள் ஒருவர், கொள்ளைப் பொருளில் தமக்குரிய பங்கைக் கூட்டாளி தரவில்லை என்று எக்ஸ்செக்கர் மன்றத்தின் ஒப்புரவுப் பிரிவில் வழக்குத் தொடுத்தார். ‘கூட்டு வணிகம்’ என்று மனுவில் நயமாக எழுதப்பட்டிருந்தது. மன்றம் ஏமாறவில்லை. மனு தள்ளுபடியாயிற்று, அதனைக் கொண்டுவந்த வழக்குரைஞர்களுக்கு அபராதமும் விதிக்கப்பட்டது. வாதி, பிரதிவாதி இருவருமே பின்னாளில் தூக்கிலிடப்பட்டனர்.

எனினும் தூய கைகள் என்பதற்கு மாசற்ற வாழ்க்கை என்று பொருள் இல்லை. 1787இல் தீர்க்கப்பட்ட வழக்கில், சுங்கவரி வசூலிப்பவராகிய தம்பிக்கு அண்ணன் எட்வர்டு டெரிங்கும் வேறு இருவரும் தனித்தனிப் பத்திரங்களில் ஜாமீன் நின்றிருந்தனர். தம்பி பணத்தைச் சூதில் இழந்தார். அரசு அண்ணனை மட்டும் பிடித்துக்கொண்டது. சுமையைப் பகிர்ந்துகொள்ளுமாறு அவர் மற்ற இருவரையும் கேட்டபோது, தம்பியின் சூதாட்டத்திற்கு ஊக்கமளித்தவரே அவர்தாம் என்று எதிர்வாதம் எழுந்தது. கேட்கும் நீதியோடு நேரடித் தொடர்புடைய குற்றமே கையை மாசுபடுத்தும் எனத் தலைமை நீதிபதி ஐயர் என்னும் ஆங்கிலேயர் தீர்த்து, மூவரும் சுமையைச் சமமாகப் பகிரச் செய்தார். சமமே ஒப்புரவு என்பதற்கு இவ்வழக்கு சான்றாயிற்று.

நெறியே இறுகிப்போன காலம்

மனச்சான்றை அளவுகோலாகக் கொள்வதில் ஓர் இடரும் உண்டு. யாருடைய மனச்சான்று? சான்சலருக்குச் சான்சலர் நீதி மாறுவது, ஒவ்வொரு சான்சலரின் பாத நீளத்தையும் ‘அடி’ என்னும் அளவாகக் கொள்வதற்கு ஒப்பாகும் எனப் பதினேழாம் நூற்றாண்டு அறிஞர் ஜான் செல்டன் எள்ளி நகையாடினார். இக்குறையைக் களைய நாட்டிங்ஹாம் பிரபுவும், 1737 முதல் 1756 வரை சான்சலராக இருந்த ஹார்ட்விக் பிரபுவும், அவர்களுக்குப் பின் எல்டன் பிரபுவும் முன்தீர்ப்புகளை வரிசைப்படுத்தி, ஒப்புரவுக்கு உறுதியான விதிகளை வகுத்தனர்.

விதிகள் உறுதிபெற்றன, உடன் இறுக்கமும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சான்சரி மன்றம் தாமதத்திற்கே பெயர் பெற்றுவிட்டது. 1852–53இல் சார்லஸ் டிக்கன்ஸ் வெளியிட்ட ‘பிளீக் ஹவுஸ்’ புதினத்தில் ஒரு சான்சரி வழக்கு தலைமுறைகளைக் கடந்து நடக்கிறது. இறுதியில் வழக்குச் செலவே சொத்து முழுவதையும் விழுங்கிவிடுகிறது. ஏழை எளியோரின் புகலிடமாகத் தோன்றிய மன்றம் அவர்கள் அஞ்சும் இடமாக மாறியிருந்தது. 1873, 1875ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் இருவகை மன்றங்களையும் ஒன்றாக்கின. முரண்பாடு நேர்ந்தால் ஒப்புரவு விதியே செல்லும் என்பதும் சட்டமாக எழுதப்பட்டது.

நீரிணைக் குடியேற்றங்களில்

கப்பலேறி வந்த ஆங்கிலச் சட்டத்தோடு ஒப்புரவு நெறியும் கீழ்த்திசைக்கு வந்தது. 1807ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் பினாங்கிற்கும், 1826ஆம் ஆண்டின் சாசனம் பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா ஆகிய மூன்றிற்கும் அரச நீதிமன்றத்தை அளித்தன. இங்கு வாழ்ந்த மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகியோரின் சமயமும் வழக்காறும் வேறு. அவர்களிடம் அந்நியச் சட்டத்தின் மனச்சான்று எவ்வாறு நடந்துகொண்டது?

1869இல் சிங்கப்பூரில் எழுந்த வழக்கு இதற்கு விடை கூறுகிறது. சீனர் ஒருவரின் உயிலில் மறைந்தோர்க்கான வழிபாட்டுச் சடங்குகளுக்கென்று சொத்து ஒதுக்கப்பட்டிருந்தது. ஆங்கிலச் சட்டம் இங்குள்ள இனத்தார்மீது கொடுமையாக இயங்காதவாறு மாற்றங்களுடன் பொருத்தப்பட வேண்டும் என்று தலைமை நீதிபதி சர் பென்சன் மாக்ஸ்வெல் உரைத்தார். ஆனால் அதே தீர்ப்பில் அவ்வொதுக்கீடு செல்லாது என்றும் முடிவு செய்தார். சொத்தை என்றென்றைக்கும் முடக்கி வைப்பதை ஆங்கிலச் சட்டம் தடுத்தது. பொதுநல அறக்கொடைக்கு மட்டுமே விலக்கு அளித்தது. குடும்பத்தாரின் வழிபாடு பொதுமக்களுக்குப் பயன் தருவதன்று என்பது அவர் கண்ட முடிவு. பினாங்கில் ஒரு சீன மாது எழுதிய உயிலைக் குறித்து 1875இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் இவ்வாறே தீர்த்தது.

முன்னோரை மறவாதிருத்தல் தலையாய கடன் என்று வாழ்ந்த மக்களுக்கு இத்தீர்ப்புகள் எவ்வளவு வேதனை அளித்திருக்கும் என்பதை உய்த்துணரலாம். இறுகிய விதியை இளக்கப் பிறந்த நெறி, இங்கே தானே இறுகிய விதியாக வந்து நின்றது. கடல் கடந்த மக்களின் நெஞ்சத்தை அளக்க அதனிடம் ஆங்கில நாட்டு அளவுகோல் மட்டுமே இருந்தது.

பொதுமக்கள் வழிபடும் ஆலயங்களின் நிலை வேறு. சமயத்தை வளர்த்தல் அறக்கொடையின் நான்கு பிரிவுகளுள் ஒன்றென 1891இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வகுத்தது. நீரிணைக் குடியேற்றங்களில் இஸ்லாமிய, இந்து அறக்கொடைகளின் நிர்வாகத்தைச் சீர்படுத்த 1905இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சிங்கப்பூரில் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இந்து அறக்கட்டளை வாரியம் தோன்றியது.

இந்து சமய நிறுவனங்களின் தனித்தன்மையைப் பிரிவி கவுன்சிலும் படிப்படியாக உணர்ந்தது. மடத்தின் தலைவர் ஆங்கிலப் பொருளில் டிரஸ்டி அல்லர் என்றும், எனினும் நிர்வாகச் சீர்கேட்டிற்கு டிரஸ்டியைப் போலவே பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்றும் 1921இல் இந்திய வழக்கொன்றில் அது கூறியது. 1925இல், கல்கத்தாக் குடும்பமொன்று குலதெய்வத் திருவுருவத்தை இடம் மாற்றுவது குறித்துப் பூசலிட்டபோது, அத்தெய்வம் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளே என ஏற்று, அதன் நலனை எடுத்துரைக்கத் தன்னலமற்ற ஒருவரை நியமிக்கப் பணித்தது. நெறி மீண்டும் இளகிற்று.

நிலைத்து நிற்கும் நெறி

அரசுகள் மாறின, இந்நெறி மாறவில்லை. மலேசியாவின் 1956ஆம் ஆண்டுக் குடியியல் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, பொதுச் சட்டத்தோடு ஒப்புரவு விதிகளையும் நாட்டு மக்களின் சூழலுக்கு ஏற்ற அளவில் கையாள வழிவகுத்தது. சிங்கப்பூர் 1993இல் இயற்றிய ஆங்கிலச் சட்டப் பயன்பாட்டுச் சட்டமும் ஒப்புரவு நெறிகளைத் தொடர்ந்து நிலைபெறச் செய்தது. இரு சட்டங்களிலும் உள்நாட்டுச் சூழலுக்கு ஏற்ற மாற்றங்களுக்கு இடமுண்டு. 1869இன் அனுபவம் கற்பித்த பாடத்திற்கு இது பொருத்தமான விடையாகும்.

ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளாக வளர்ந்து வந்த இந்நெறியின் சாரம் எளியது. பத்திரத்தில் உள்ள பெயர் உரிமையைக் காட்டும், கடமையை மறைக்காது. பிறர் பொருளைக் காப்பவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். கணக்குக் கேட்பது அவரை அவமதிப்பதாகாது. அவர்மீது வைத்த நம்பிக்கையை நிறைவு செய்வதாகும். நேர்மையாளர்க்கும் இவ்விதி பொருந்தும் என்பதே ரோம்ஃபோர்டு சந்தை வழக்கு உணர்த்தும் உண்மை. அங்கே குழந்தைக்குத் தன் சொத்தைக் கேட்டு வாதாடும் வயது வரவில்லை. ஆலயத்திலோ காணிக்கை அளித்த முன்னோர் பலர் இன்று இல்லை. இனி வழிபட வரவிருக்கும் தலைமுறை இன்னும் பிறக்கவில்லை. கேட்க இயலாதவர்களின் சொத்தைக் காப்போர்க்கு மனச்சான்றே முதல் மன்றமாகும். அம்மன்றத்தில் நாள்தோறும் கணக்கு ஒப்புவிப்பவர், வேறெந்த மன்றத்திலும் தலைகுனிந்து நிற்க நேராது.